உள்ளூர் குன்றின் மேல் ஒரு செங்கல் கட்டடம்



'பசுமைக் கட்டடம்' என்று இன்று எல்லா விளம்பரத்திலும் போடுகிறார்கள். அந்தச் சொல்லே புழக்கத்தில் இல்லாத காலத்தில், திருவனந்தபுரத்தில் எழுந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றி இன்று எழுதுகிறேன்.

1970-களின் தொடக்கத்தில் பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் அங்கே வளர்ச்சி ஆய்வு மையத்தைத் தொடங்கினார். பின்னாளில் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர்கள் படித்த இடம் இது. கேரளத்தின் வறுமை பற்றி ஐ.நா. 1975-ல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வும் இங்கிருந்து வந்ததுதான். ஏழ்மையை ஆராய்கிறவர்கள் பளிங்கு மாளிகையில் உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்? கட்டடப் பொறுப்பு லாரி பேக்கரிடம் போனது.

பேக்கர் 1917-ல் பர்மிங்காமில் பிறந்தவர். தொழுநோயாளர் பணிக்காக 1945-ல் இந்தியா வந்தவர். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளில்தான் வீடு கட்ட வேண்டும் என்று காந்தியடிகள் சொன்னதை அவர் கடைசிவரை மறக்கவில்லை. மையம் அமைந்த பகுதியின் பெயரும் உள்ளூர்தான்!

குன்றை வெட்டிச் சமப்படுத்தாமல், சரிவின் போக்கிலேயே கட்டினார். மரங்களுக்கு இடம்விட்டுச் சுவர்கள் வளைந்தன. வளைவு வெறும் அழகுக்காக இல்லை. ஒரு தாளை நேராக நிறுத்திப் பாருங்கள், விழுந்துவிடும். வளைத்து நிறுத்துங்கள், நிற்கும். அதனால் மெல்லிய சுவரே போதும். செங்கல்லுக்கு மேல் சிமெண்ட் பூச்சு கிடையாது, பெயிண்ட் செலவும் இல்லை. பல இடங்களில் ஜன்னலுக்குப் பதில், இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் ஜாலி. காற்று வரும், வெளிச்சம் வரும், வெயில் கண்ணைக் கூசாது. வட்டக் கோபுரம் போன்ற நூலகம்தான் அந்த வளாகத்தின் நடுநாயகம்.

கூரையிலும் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதி பளுவை அதிகம் தாங்குவதில்லை. அங்கே பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்துவிடுவார். கான்கிரீட் மிச்சம், வீட்டுக்குள் சூடும் குறைவு.

செங்கல் சுடவும் விறகு எரிக்க வேண்டுமே என்று நம் பொறியாளர் மாணவர்கள் கேட்பீர்கள். சரியான கேள்வி. பேக்கருக்கும் அந்தக் கவலை இருந்தது. மண்சுவர் கட்டுவதற்கென்றே ஒரு கையேடு எழுதினார்.

1985-ல் அச்சுத மேனன், ராஜ், பேக்கர் முதலானோர் சேர்ந்து 'காஸ்ட்ஃபோர்ட்' அமைப்பைத் தொடங்கினார்கள். ஆராய்ச்சி நிலையத்தில் செய்த வேலை அதன்வழி சாதாரணக் குடும்பங்களின் வீடுகளுக்கும் போனது. பேக்கர் 2007-ல் மறைந்தார்.

இந்த வருடம் வீடு கட்டத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் மூன்று பேர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போடுமுன் ஒருமுறை திருவனந்தபுரம் போய் வாருங்கள். நாகர்கோவிலிலிருந்து காலையில் ரயில் ஏறினால் மாலையில் திரும்பிவிடலாம்.