தோப்பும் காடும்: மைசூர் மைன்ஸ் மேல்மண்ணின் வரலாறு

கோலார் தங்கவயலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆழத்தையே எழுதுகிறார்கள். 1880இல் வந்த ஜான் டெய்லர் நிறுவனம், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழ்த் தொழிலாளர், 3 கி.மீ.க்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃப், 2001 பிப்ரவரி 28இல் நிகழ்ந்த மூடல். எல்லாம் எழுதப்பட வேண்டியவையே. ஆனால் மைசூர் மைன்ஸைச் சுற்றியுள்ள நிலத்தின் மேல் ஒரு முழ மண்ணுக்கும் வரலாறு உண்டு.

தொடக்கத்தில் சுரங்கத்தின் நீராவி எந்திரங்கள் விறகையும் நிலக்கரியையும் தின்றன. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கி.மீ. கடந்து மின்சாரம் வந்ததைப் பொறியியல் சாதனையாகக் கொண்டாடுகிறோம். காட்டின் பக்கம் நின்று பார்த்தால், அது எந்திரங்களின் விறகுப் பசி தணியத் தொடங்கிய ஆண்டு. அதற்குள் வெட்டுண்டவை மரங்கள் மட்டுமல்ல. வறண்ட காட்டு மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள மீத்தேனை உண்டு வாழ்பவை. அவ்வகை உயிர்களை 1906இல் நெதர்லாந்தில் சோங்கன் பிரித்தெடுத்தார். விந்திய வறண்ட காடுகளின் மண் மீத்தேனை உறிஞ்சுவதைப் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து காட்டியுள்ளனர். மண்ணைக் கிளறினால், உழுதால், நைட்ரஜன் உரமிட்டால் இத்திறன் குன்றும். மரம் சில ஆண்டுகளில் வளர்ந்துவிடும். இத்திறன் மீளப் பல பத்தாண்டுகள் ஆகலாம்.

பின்னர் வந்தது தைலமரம். நந்தி மலையில் திப்புவின் காலத்திலேயே அது நடப்பட்டதாகச் சொல்வார்கள். ஆனால் அது கோலார் வயல்களுக்குப் பரவியது சமூகக் காடு வளர்ப்புத் திட்டங்களின் காலத்தில்தான். 1983இல் தும்கூர் மாவட்ட உழவர்கள் நாற்றுகளைப் பிடுங்கிவிட்டுப் புளி, மா விதைகளை ஊன்றினர். 2017இல் கர்நாடக அரசு தைலமரம் நடுவதற்குத் தடை விதித்தது. இரு தருணங்களிலும் வாதத்தின் மையம் நிலத்தடி நீர். நியாயமான மையம்தான், ஆயினும் மண் வெளியிடும் வாயு அதில் இடம்பெறவில்லை. அரசுக் கோப்புகள் இவற்றைக் காடு என்றன. ஊரார் நாவில் அது தைலமரத் தோப்பு. நட்டதற்கும் தானே எழுந்ததற்கும் இடையிலான இவ்வேறுபாட்டை மொழி காத்து வைத்திருக்கிறது. மண்ணும் அப்படியே.

இங்கே எளிய தீர்ப்பு கிடைக்காது. தைல இலைச்சருகில் நைட்ரஜன் குறைவு, மெல்ல மக்கும். ஆகவே அம்மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு குறைவாகவே எழக்கூடும். சவுக்கின் வேர் முடிச்சுகளில் வாழும் ஃபிராங்கியாவோ காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கிறது. மண்ணுக்கு நல்லது, ஆனால் மிகையானால் வேறு பாக்டீரியாக்கள் அதை நைட்ரஸ் ஆக்சைடாக மாற்றும். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 273 மடங்கு வெப்பமூட்டும் வாயு அது. அடிமரத்தின் சுற்றளவை மட்டும் அளந்து எழுதப்படும் கார்பன் கணக்கு எதற்கு உதவும்?

தங்கவயலில் இக்கேள்விக்கு இன்னொரு முனை உண்டு. 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட சயனைடு கழிவு மேடுகள் அங்கே நிற்கின்றன. கோடையில் அத்தூசி குடியிருப்புகளின் மேல் படிகிறது. அதை அடக்க மரம் நடுவதே முதலில் தோன்றும் வழி. நடட்டும், அங்கு வாழ்வோர் மூச்சு முதன்மையானது. ஆனால் சயனைடைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் அதிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்குகின்றன. அதைப் பிற நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக்கும். ஈரம் தேங்கி உயிர்வளி குறைந்த இடங்களில் நைட்ரேட் நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறும். இம்மேடுகளில் எழும் தோப்பைக் கார்பன் சேமிப்பாகப் பதிவுசெய்யுமுன் அதன் மண்ணை அளக்க வேண்டும்.

எப்போது அளப்பது என்பதும் முக்கியம். கென்யாவில் பணியாற்றிய பர்ச் 1958இல் ஒன்றை விளக்கினார்: நெடுநாள் காய்ந்த மண் நனைந்ததும் நுண்ணுயிர்கள் திடீரென விழித்துக் கரியமில வாயுவைப் பெருமளவில் வெளியிடுகின்றன. மழைக்காலம் முடிந்தபின் போய்க் குடுவை கவிழ்த்தால் இந்த எழுச்சி அகப்படாது. கோலாரில் ஏப்ரலின் மாம்பழ மழைக்கு முன்பே, மண் காய்ந்து கிடக்கும்போதே, குடுவைகளைப் பதித்துக் காத்திருக்க வேண்டும்.