மார்மைட் புட்டியிலிருந்து மாவாலை வரை

நம் வீட்டு அலமாரியில் இருக்கும் மார்மைட் புட்டிக்கும், குழந்தைகளைக் கருவிலேயே தாக்கும் முதுகெலும்புப் பிளவு என்னும் குறைபாட்டுக்கும் தொடர்பு உண்டு. ஆசிரியரும் பெற்றோரும் அறிய வேண்டிய வரலாறு இது.

லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1928-இல் பம்பாய்க்கு வந்தார். அங்கு நெசவாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் பலர், கருவுற்ற காலத்தில் கடுமையான இரத்தசோகைக்கு ஆளாயினர். வசதி படைத்தோரிடம் அந்நோய் அரிதாகவே காணப்பட்டதால், காரணம் உணவில் இருக்கக்கூடும் என்று அவர் கருதினார். அவருடைய ஆய்வுப் பணி நம் முன்னோரின் மண்ணிலும் தொடர்ந்தது. குன்னூரிலும், சென்னை கோஷா மருத்துவமனையிலும் அவர் பணியாற்றினார். மலிவான ஈஸ்ட் சாறாகிய மார்மைட் அந்நோயைக் குணப்படுத்துவதை 1931-இல் உலகுக்கு அறிவித்தார். ஆயினும் அதிலுள்ள மருந்துப் பொருள் யாதென அன்று எவருக்கும் விளங்கவில்லை.

1941-இல் டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நான்கு டன் பசளிக் கீரையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்தனர். இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லைக் கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர்.

இச்சத்து குறைவதற்கும் கருவின் குறைபாட்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று, 1965-இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் ஹிபர்ட், ஸ்மிதெல்ஸ் ஆகிய இருவரும் எழுதினர். அதனை ஐயமின்றி நிறுவியது 1991-இல் வெளிவந்த ஆய்வாகும். முன்பு இக்குறைபாட்டால் பாதிக்கப்பட்ட கருவைச் சுமந்த தாய்மார்கள், ஏழு நாடுகளிலிருந்து அதில் பங்கேற்றனர். ஃபோலிக் அமிலம் உட்கொண்டோரிடம் அக்குறைபாடு மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைந்தது.

அப்படியானால் மாத்திரை கொடுத்தால் போதாதா என்று நீங்கள் வினவலாம். கருவின் நரம்புக் குழாய், கரு உருவான 28 நாள்களுக்குள் மூடிவிடுகிறது. தாம் கருவுற்றிருப்பதையே பல பெண்கள் அதற்குள் அறிவதில்லை. எனவேதான் கருத்தரிக்கும் முன்பே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ளுமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். திட்டமிடாமல் கருவுறுவோருக்கு அவ்வறிவுரை காலம் கடந்தே சென்று சேர்கிறது. அன்றாட உணவிலேயே சத்து கலந்திருந்தால் அனைவரும் பயன்பெறுவர். அமெரிக்கா 1998-இல் செறிவூட்டிய தானிய மாவில் இதனைக் கட்டாயமாக்கியது. அதனால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,300 குழந்தைகள் இக்குறைபாடின்றிப் பிறப்பதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிட்டுள்ளது. ஆய்வுக்குத் தலைமை ஏற்ற பிரிட்டனோ 2024-இல்தான் சட்டம் இயற்றி, மாவாலைகளுக்கு 2026 டிசம்பர் வரை அவகாசம் அளித்தது. முப்பத்தைந்து ஆண்டுத் தாமதம்!

என் பணிக்காலத்தில், முதுகெலும்புப் பிளவோடு பிறந்த மாணவி ஒருத்தி சக்கர நாற்காலியில் பள்ளிக்கு வந்தாள். கிரகணத்தன்று வெளியே சென்றதால்தான் பிள்ளை இப்படிப் பிறந்தாள் என்று உறவினர்கள் தூற்றியதை அவள் தாயார் ஒருமுறை என்னிடம் கூறினார். அச்சொல்லை அவர் பல ஆண்டுகளாகச் சுமந்திருந்தார். கிரகணத்திற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஃபோலிக் அமிலம் இக்குறைபாடுகளில் பலவற்றைத் தடுக்குமேயன்றி அனைத்தையும் தடுப்பதில்லை. மரபணுவுக்கும் இதில் பங்குண்டு. ஆகவே, மாத்திரை உண்டாயா என்று ஒரு தாயைக் குறுக்கு விசாரணை செய்வதும் கிரகணப் பழிக்கு நிகரான கொடுமையே.

பம்பாய்ப் பெண்களின் நோய்க்கு அவர்களது தலைவிதியை லூசி வில்ஸ் காரணமாக்கவில்லை. தட்டில் என்ன குறைகிறது என்றே வினவினார். தாயின் தோளில் தனியே கிடந்த சுமையை மாவாலையும் அரசும் சமுதாயமும் பகிர்ந்துகொள்ள வழிவகுத்தது அக்கேள்வியே. அறிவியல் பாடத்தில் சத்துணவு பற்றிக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்வரலாற்றையும் மாணவர்களுக்குச் சொல்லலாமே. நாளை அவர்கள் பெற்றோராகும்போது, பழிச்சொல் ஒன்றேனும் குறையும் அல்லவா?