பிள்ளை சேர்த்த வரலாறு: திருவாதவூர் வட்டாரத்தில் மழலைக் கல்வியும் அதன் அழைப்பும்

மேலூருக்குத் தெற்கே, கண்மாய்களுக்கும் நெல்வயல்களுக்கும் நடுவே அமைந்த திருவாதவூர், மாணிக்கவாசகர் அவதரித்த தலமாகச் சைவர்களால் போற்றப்படுவது. சங்கப் புலவர் கபிலர் பிறந்த ஊரும் இதுவே என்பது மரபு. அருகிலுள்ள குன்றின் குகைத்தளத்தில் வெட்டப்பட்ட தமிழ்பிராமிக் கல்வெட்டுகளுள் ஒன்று, அங்கே உறைவிடம் அமைத்துக் கொடுத்த ‘உபசன் பரசு’ என்பவரைக் குறிப்பிடுகிறது. உபசன் என்பதற்குச் சமய ஆசிரியர் என்று ஆய்வாளர் சிலர் பொருள் கொள்வதை ஏற்றால், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆசிரியர் ஒருவரின் பெயர் கல்லில் ஏறிய ஊர் இது. இத்தகைய வட்டாரத்தில் கல்வியின் பெருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்திராது என்று எண்ணத் தோன்றும். எனினும், குறிப்பிட்ட வயதில் குறிப்பிட்ட ஆசிரியரிடம் குழந்தையை ஒப்படைக்குமாறு வீட்டாரை இணங்கச் செய்யும் பணி எந்தக் காலத்திலும் தானாக நடந்ததில்லை. அந்தப் பணி நடந்த முறையே கல்வியின் தன்மையையும் பெருமளவுக்குத் தீர்மானித்து வந்திருக்கிறது.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் ஆணையிட்டுத் தொகுப்பித்த கல்விக் கணக்கெடுப்பு, இந்த வரலாற்றுக்குக் கிடைக்கும் உறுதியான முதல் ஆவணம். 1826-இல் முழுமையாக வெளிப்பட்ட அக்கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். மதுரை மாவட்டத்தின் பங்கு 844 பள்ளிகளும் 13,781 மாணவர்களும் ஆகும். அதாவது, மதுரைச் சீமையில் ஒரு பள்ளிக்குச் சராசரியாகப் பதினாறு பிள்ளைகளே இருந்தனர். இவற்றுள் பெரும்பாலானவை, வீட்டு முகப்பில் தெருவை நோக்கி அமைந்த மேடையில் நடந்த திண்ணைப் பள்ளிகள். அவற்றின் ஆசிரியருக்கு அரசுச் சம்பளம் கிடையாது. பெற்றோர் தரும் சிறு காசும், அறுவடைக் காலத்து நெல்லும், பண்டிகைக் கொடைகளுமே அவருடைய வருவாய். மாதத்துக்கு ஆறேழு ரூபாய்க்கு மேல் ஆசிரியர்கள் ஈட்டுவதில்லை என்று மன்றோவே தம் குறிப்பில் எழுதினார். பதினாறு பிள்ளைகளில் நான்கு பேர் நின்றுவிட்டால் அவர் குடும்பத்து அடுப்பில் அதன் விளைவு தெரிந்திருக்கும். ஆகவே பிள்ளை சேர்ப்பது அவருக்கு வாழ்வா சாவா என்ற கேள்வியாகவே இருந்தது.

அந்த ஆசிரியருக்கு வாய்த்த முதல் விளம்பரம் திண்ணையின் அமைப்பே. மணலில் விரலால் எழுத்துகளை வரைந்தவாறு பிள்ளைகள் உரக்கச் சொன்ன அரிச்சுவடியும், எண்சுவடி என்னும் வாய்பாட்டு நூலின் கணக்குகளும், ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் தெருவில் போவோர் வருவோர் அனைவரின் காதிலும் விழுந்தன. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை முன்னால் சொல்ல, மற்றவர்கள் பின்தொடர்ந்து சொல்லும் அந்த முறையில், எந்தப் பிள்ளை தடுமாறுகிறான், எவன் தெளிவாக ஒப்பிக்கிறான் என்பதைக் கிணற்றடிக்குப் போகும் பெண்கள்கூட அறிந்திருப்பார்கள். ஆசிரியரின் திறமையை வேறொருவர் சான்றளிக்க வேண்டிய தேவை அங்கே எழவில்லை.

இரண்டாவது விளம்பரம் ஆண்டுக்கு ஒரு முறை, நவராத்திரியில் வந்தது. மகாநவமியை ஒட்டிய நாள்களில் ஆசிரியர் தம் பிள்ளைகளைப் புத்தாடை உடுத்தி, பாட்டும் கோலாட்டமும் பழக்கி, வீடு வீடாக அழைத்துச் சென்றார்; பிள்ளைகள் பாடி வாழ்த்த, வீட்டார் தம்மால் இயன்ற பணத்தையும் துணியையும் ஆசிரியருக்கு வழங்கினர். இதைக் கொடை திரட்டும் சடங்காக மட்டும் பார்ப்பது போதாது. படிக்காத பிள்ளை இருக்கும் வீட்டின் வாசலில், அதே வயதுடைய பக்கத்து வீட்டுப் பிள்ளை பிழையின்றிப் பாடி நிற்கும் காட்சியைவிட வலிமையான அழைப்பு அந்த வீட்டுத் தாய்க்கு வேறு என்ன இருந்திருக்க முடியும்? அடுத்த நாளே விஜயதசமி. ஏடு தொடங்குவதற்கு, அதாவது குழந்தையின் கையைப் பிடித்து முதல் எழுத்தை எழுதுவிப்பதற்கு, உகந்த நாள். அழைப்பும் சேர்க்கையும் இவ்வாறு அடுத்தடுத்த நாள்களில் அமைந்ததில் முன்னோரின் நடைமுறை அறிவு தெரிகிறது. புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் பெயரால் பொரியும் கடலையும் வெல்லமும் பங்கிடப்பட்டதால், தெருப் பிள்ளைகள் அனைவருக்கும் பள்ளி இனிய இடமாகவே முதலில் அறிமுகமானது. பிரம்பு பின்னர்தான் வந்தது.

ஆனால் அந்த ஊர்வலம் எல்லாத் தெருக்களுக்கும் போகவில்லை. மாகாணம் முழுவதிலும் பள்ளிகளில் இருந்த பெண்கள் 4,540 பேர் மட்டுமே என்று அதே கணக்கு காட்டுகிறது. ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பு வாசல்களில் திண்ணைப் பள்ளி ஆசிரியர் நின்றதில்லை. அழைக்கப்படாதவர்களை அழைத்தது, 1834-இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன். அதன் நோக்கத்தில் மதமாற்றமும் கலந்திருந்தது உண்மையே. எனினும், அதுவரை எந்த ஆசிரியரும் மிதிக்காத வாசல்களை மிஷன் பள்ளிகள் மிதித்தன என்பதை வரலாறு மறைக்க முடியாது.

பள்ளிக்கு முந்தைய வயதுக்கெனத் தனிக் கல்வி உண்டு என்ற கருத்து வெகு பின்னரே இங்கு வந்தது. 1939-இல் அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி, போர்க்காலத்தில் இத்தாலியர் என்பதால் நடமாட்டக் கட்டுப்பாட்டுக்கு உள்ளாகி, அன்றைய மதுரை மாவட்டத்துக் கொடைக்கானலில் சில ஆண்டுகள் தங்கிச் சிறு பள்ளி நடத்தினார். அவர் வகுத்த முறையோ நகரத்து வசதியுள்ள குடும்பங்களைத் தாண்டி அதிகம் பரவவில்லை. கிராமத்தை எட்டியது வேறொரு வழி. குழந்தைக் கல்வியாளர் தாராபாய் மோடக் 1945-இல், இன்றைய மகாராஷ்டிரத்திலுள்ள போர்டியில் தொடங்கிய பணியில், ஒடுக்கப்பட்ட குழந்தைகள் பால்வாடி என்னும் மழலையர் பள்ளிக்கு வராதபோது, பால்வாடியே அவர்களுடைய முற்றத்துக்குச் சென்றது. அங்கன்வாடி என்னும் அமைப்பின் தோற்றம் இதுவே.

இந்த வழியின் பெருஞ்சோதனை ஒன்று திருவாதவூரின் அண்டையிலேயே நடந்தது. உலக வங்கிக் கடனுதவியுடன் 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், முதலில் முன்னோட்டமாகச் செயல்பட்ட இடம் மேலூருக்கு வடக்கேயுள்ள கொட்டாம்பட்டி ஒன்றியம். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, வளர்ச்சி அட்டையில் குறித்து, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குச் சத்துணவு அளிப்பது அதன் முறை. எல்லாருக்கும் உணவு வழங்காத திட்டத்துக்கு ஊரின் ஒப்புதலைப் பெறுவது எளிதன்று. அதற்காகவே உள்ளூர்ப் பெண்ணே பணியாளராக அமர்த்தப்பட்டார். பெண்கள் குழுக்கள் அமைந்தன. மக்களிடம் செய்தி கொண்டுசெல்லும் பணி திட்டத்தின் தனிப் பிரிவாகவே வகுக்கப்பட்டது. அட்டையில் ஏறும் கோட்டைத் தாயே கண்ணால் பார்த்தபோது, திண்ணைப் பள்ளியின் பழைய நெறி, அதாவது பயனைப் பெற்றோரின் முன்னால் காட்டுவது, புது வடிவில் திரும்பியது எனலாம். 1982 ஜூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், இரண்டு வயது முதலான கிராமக் குழந்தைகளைப் பால்வாடிகளுக்கு ஈர்த்தது. சுடுசோறு பெரிய அழைப்பாயிற்று. அதன் மறுபக்கமாக, பால்வாடி என்றால் சோறு போடும் இடம், படிப்பு வேறிடம் என்ற எண்ணமும் பெற்றோரிடையே ஊன்றியது.

அந்த இடைவெளியில் நர்சரிப் பள்ளிகள் வளர்ந்தன. ஆங்கிலம், சீருடை, டை, வாசலுக்கே வரும் மஞ்சள் வேன், சாலையோர ஃபிளெக்ஸ் பலகை, நாளிதழோடு வரும் துண்டறிக்கை ஆகியவை கிராமங்களிலிருந்து மழலைகளை மேலூருக்கும் மதுரைக்கும் இழுத்தன. இந்த விளம்பரத்தில் முதன்முறையாகக் குழந்தையின் குரல் கேட்கவில்லை. சுற்றுச்சுவருக்கு உள்ளே நடக்கும் பாடத்தைப் பெற்றோர் கேட்க வழியில்லாதபோது, கட்டடமும் கட்டணத் தொகையுமே தரத்தின் அடையாளங்களாகிவிட்டன. கடன் வாங்கியேனும் பிள்ளையை அனுப்பும் பெற்றோரின் ஆசை மதிக்கத்தக்கது என்பதாலேயே, அந்த ஆசைக்கு அவர்கள் காண முடிகிற சான்று தரப்படாதது வருந்தத்தக்கது.

அரசுப் பள்ளி ஆசிரியர்களும் இன்று கோடை விடுமுறைக் காலத்தில் பதாகையும் பறையுமாகத் தெருக்களில் பேரணி நடத்துகின்றனர். அவர்கள் பேச்சுவழக்கில் இது ‘பிள்ளை பிடிப்பது’. விஜயதசமி அன்று பள்ளியைத் திறந்து சேர்க்கை நடத்துமாறு கல்வித்துறையும் அறிவுறுத்தி வருகிறது. 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளை அரசு தொடங்கியது. உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்கள் அவற்றுக்கு மாற்றப்பட்டதால் எதிர்ப்பும் வழக்குகளும் எழுந்தன. 2022-இல் அவ்வகுப்புகள் பள்ளிகளிலிருந்து விலக்கப்படும் என்ற செய்தி பரவியதும் எழுந்த கடும் எதிர்ப்பால், அவை தொடரும் என்று சில நாள்களிலேயே பள்ளிக்கல்வி அமைச்சர் அறிவிக்க நேர்ந்தது.