கேமில் சொந்தப் பெயர்: இரண்டு நாடுகள் படித்த பாடம்



"ஒளிவு மறைவு இல்லாதவனுக்குச் சொந்தப் பெயரைச் சொல்ல என்ன பயம்?" ஒன்லைன் கேம்களில் பிள்ளைகள் புனைபெயர் வைப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மூர்ப் பெரியவர்கள் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இதே கேள்வியை ஒரு பெரிய கேம் நிறுவனமும் ஒரு நாட்டின் அரசாங்கமும் ஏற்கனவே கேட்டு, அதற்கு விதியும் சட்டமும் போட்டுப் பார்த்துவிட்டன. அந்த வரலாறு நமக்கும் தேவையானது. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலாவது அமெரிக்காவில் நடந்தது. 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' கேமை உருவாக்கிய நிறுவனம் ப்ளிஸார்ட். அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் சந்தா கட்டி அதை விளையாடினார்கள். விளையாடுபவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பக்கங்களில் ஏச்சும் வசையும் கூடிப் போயிருந்தன. ஆகவே 2010 ஜூலை 6 ஆம் திகதி நிறுவனம் ஓர் அறிவித்தலை விட்டது. இனி அங்கே எழுதுபவர்களின் உண்மையான முதற்பெயரும் கடைசிப் பெயரும் எல்லோருக்கும் தெரியும்படி காட்டப்படும் என்றது. பெயர் தெரிந்தால் மரியாதை தானாக வரும் என்பது அவர்களின் எண்ணம்.

எதிர்ப்புக் கிளம்பியது. அப்போது நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காகத் தனது சொந்தப் பெயரை அங்கேயே எழுதினார். சற்று நேரத்துக்குள் அவருடைய தொலைபேசி இலக்கம், வீட்டு முகவரி, குடும்பத்தவர் விபரம் எல்லாம் தேடி எடுக்கப்பட்டுப் பகிரங்கமாகப் போடப்பட்டன. இதற்காக யாரும் எந்தக் கணனியையும் உடைக்கவில்லை. ஒவ்வொரு தகவலும் இணையத்தில் ஒவ்வொரு மூலையில் ஏற்கனவே கிடந்தது. பெயர் கிடைத்ததும் அவற்றை ஒன்றாகக் கோப்பது இலகுவாகிவிட்டது.

பெண்களின் எதிர்ப்புக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பெண் என்று தெரிந்தாலே பின்தொடர்ந்து தொந்தரவு செய்பவர்கள் இருக்கும் இடத்தில், பெயரைக் காட்டச் சொல்வது அவர்களை வெளியே போகச் சொல்வதற்குச் சமம். ஜூலை 9 ஆம் திகதி, மூன்றே நாளில், நிறுவனத் தலைவர் மைக் மோர்ஹைம் அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்.

இரண்டாவது தென் கொரியா. அங்கே 2007 இல் சட்டமே வந்தது. பெரிய இணையத்தளங்களில் கருத்து எழுதுபவர் முதலில் தனது அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும். வெளியே புனைபெயரைக் காட்டலாம், ஆனால் உண்மையான விபரம் நிறுவனத்திடம் இருக்கும். கேம் கணக்குத் திறப்பதற்கும் பெயரையும் குடிமக்கள் பதிவு இலக்கத்தையும் கொடுப்பது அங்கே வழக்கமாகியிருந்தது. இப்படிக் கோடிக்கணக்கானோரின் விபரம் நிறுவனங்களின் கணனிகளில் குவிந்தது.

2011 ஜூலையில் நேட், சைவேர்ல்ட் ஆகிய தளங்களிலிருந்து 3.5 கோடிப் பேரின் விபரங்கள் திருடப்பட்டன. நாட்டின் சனத்தொகையே ஏறக்குறைய 5 கோடிதான். அதே வருடம் நவம்பரில், பிள்ளைகள் விரும்பி விளையாடும் 'மேப்பிள்ஸ்டோரி' கேமிலிருந்து 1.32 கோடிப் பேரின் விபரங்கள் போயின. கடவுச்சொல் திருட்டுப் போனால் மாற்றிக்கொள்ளலாம். பெயரையும் பிறந்த திகதியையும் எப்படி மாற்றுவது?

2012 ஆகஸ்ட் 23 ஆம் திகதி அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சட்டவிரோதமான பதிவுகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததாகக் காட்டப்படவில்லை என்பதும் நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று. பெயரை வாங்கியும் ஏச்சு நிற்கவில்லை.

இது நமக்கு எங்கே பொருந்துகிறது? கொரியர்களின் 13 இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த திகதி, ஏழாவது ஆணா பெண்ணா என்பதைக் காட்டும். நமது புதிய தேசிய அடையாள அட்டையின் 12 இலக்கங்களை எடுத்துப் பாருங்கள். முதல் நான்கும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். அந்த இலக்கத்தைக் கொடுப்பவர் பிறந்த நாளையும் சேர்த்தே கொடுக்கிறார்.

நமது பிள்ளைகளின் முழுப் பெயரில் பெரும்பாலும் வாப்பாவின் பெயரும் சேர்ந்தே வரும். அதனோடு ஊர்ப் பெயரையும் பாடசாலையின் சுருக்கப் பெயரையும் ஒட்டி ஃப்ரீ ஃபயரில் பெயர் வைத்தால், முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு வாசலைக் கண்டுபிடிக்க அமெரிக்காவில் பட்ட அளவு கஷ்டமும் படத் தேவையில்லை. சிறிய ஊரில் இரண்டு பேரிடம் விசாரித்தால் போதும்.

அப்படியானால் புனைபெயருக்குள் ஒளிந்துகொண்டு யாரையும் ஏசலாமா? கூடாது. அதற்கும் ஒரு வழி பிறந்தது. ப்ளிஸார்ட் நிறுவனமே பின்னர் ஒரு புனைபெயரும் அதன் பின்னால் ஓர் எண்ணும் கொண்ட முறையைக் கொண்டுவந்தது. நிலையான ஒரு புனைபெயரோடு விளையாடும் பிள்ளைக்கு அந்தப் பெயரில் நல்ல பெயரும் கெட்ட பெயரும் சேரும். தவறு செய்தால் முறையிடலாம், கணக்கை முடக்கலாம். வீட்டு முகவரி மட்டும் யார் கையிலும் போகாது.

ஆகவே சில வேண்டுகோள்கள். கேம் பெயரில் சொந்தப் பெயர், பிறந்த வருடம், ஊர், பாடசாலை எதுவும் வேண்டாம். முகநூலிலும் இன்ஸ்டகிராமிலும் உள்ள பெயரையே கேமிலும் வைக்க வேண்டாம். வைத்தால் ஒன்றிலிருந்து மற்றதைப் பிடித்துவிடுவார்கள். இலவச டயமண்ட் தருவதாக யார் கேட்டாலும் அடையாள அட்டை இலக்கத்தையோ அதன் படத்தையோ அனுப்பக்கூடாது. ஓ.எல். பரீட்சைக்காக இப்போது அடையாள அட்டை எடுக்கும் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இன்றிரவு ஃபோனைப் பறிக்காமல், "கேமில் உன் பெயர் என்ன?" என்று மட்டும் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். மாற்ற வேண்டிய பெயராக இருந்தால், பக்கத்தில் இருந்து மாற்றிக் கொடுங்கள்.