படம் ஊரைக் காட்டும். பெயரைச் சொல்ல ஆள் வேண்டும்

பிள்ளைகள் வேலை பார்க்கும் ஊரென்று இங்கிலாந்துக்குப் போய் வந்தவர்கள் நம் குடியிருப்பில் பலர் உண்டு. அங்குள்ள சிற்றூர்களில் தேநீர்க் கடையிலோ நூலகத்திலோ சுவரில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருப்பதை அவர்கள் கவனித்திருக்கலாம். கடைவீதி, ஒரு குதிரை வண்டி, வாசலில் மேலங்கி கட்டிய கடைக்காரர், கேமராவை முறைத்துப் பார்க்கும் நாலைந்து சிறுவர்கள். படத்தின் அடியில் ஊர்ப் பெயரும் ஒரு எண்ணும் இருக்கும். இத்தகைய படங்களில் பெரும் பங்கு ஒரே நிறுவனத்திலிருந்து வந்தவை. அதைத் தொடங்கியவர் பிரான்சிஸ் ஃபிரித்.

மளிகை வியாபாரியின் பெரிய ஆசை

ஃபிரித் 1822இல் டெர்பிஷயரில் உள்ள செஸ்டர்ஃபீல்டில் பிறந்தவர். லிவர்பூலில் மளிகை மொத்த வியாபாரம் செய்து நன்றாகச் சம்பாதித்தார். முப்பது வயதைத் தாண்டியதும் தொழிலை விற்றுவிட்டு, கேமராவைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் மூன்று முறை பயணம் போனார். அப்போது படம் எடுப்பது லேசான வேலை இல்லை. கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, அது ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனே இருட்டறையில் கழுவியாக வேண்டும். பாலைவன வெயிலில், கூடாரத்துக்குள் இதைச் செய்தார்.

அந்தப் படங்கள் கொண்டுவந்த பேரோடு திரும்பியவர், 1860 வாக்கில் லண்டனுக்குத் தெற்கே ரைகேட் என்ற ஊரில் நிறுவனம் தொடங்கினார். நோக்கம் ஒன்றுதான்: பிரிட்டனின் ஒவ்வொரு நகரத்தையும் கிராமத்தையும் படம்பிடிப்பது. அப்போது ரயில் பாதைகள் நாடெங்கும் பரவிக்கொண்டிருந்தன. வேலையாட்களுக்கு விடுமுறை கிடைக்கத் தொடங்கியது. கடற்கரைக்கும் மலைப்பக்கத்துக்கும் போனவர்கள் கையில் எதையாவது வாங்கிக்கொண்டு வீடு திரும்ப விரும்பினார்கள். ஃபிரித் அவர்களுக்குப் படம் விற்றார்.

இதே 1822இல் டெவனில் பிறந்த இன்னொருவரையும் இங்கே சொல்ல வேண்டும். லின்னேயஸ் ட்ரைப், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். மதுரை மீனாட்சி கோயிலையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் 1858இல் அவர் எடுத்த படங்கள் இன்றும் வியக்க வைக்கின்றன. ஆனால் ஓரிரு ஆண்டுகளில் செலவு அதிகம் என்று கவர்னர் ட்ரெவெல்யன் அந்த வேலையை நிறுத்திவிட்டார். அரசு எடுத்த படம் ஓர் உத்தரவில் நின்றது. கடையில் விற்ற படமோ ஃபிரித்தின் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் காலம்வரை நூறாண்டுக்கு மேல் ஓடியது.

அரை பென்னி அஞ்சலட்டை

ஃபிரித் 1898இல் காலமானார். அதற்குள் வியாபாரத்தின் அடுத்த கட்டம் தொடங்கிவிட்டது. தனியார் அச்சிட்ட பட அட்டைகளில் தபால்தலை ஒட்டி அனுப்ப 1894இல் பிரிட்டிஷ் தபால் துறை அனுமதித்தது. 1902இல் இன்னொரு சலுகை வந்தது. அதுவரை அட்டையின் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டுமே. இனி அதை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் செய்தியும் எழுதலாம் என்றார்கள். முன்பக்கம் முழுவதும் படத்துக்குக் கிடைத்தது. அரை பென்னி தபால்தலை போதும். நாம் இப்போது போனில் இரண்டு வரி அனுப்புவதுபோல அவர்கள் அட்டை அனுப்பினார்கள்.

விளைவு, ஊர் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதன் படத்துக்கு அங்கேயே வாங்க ஆள் இருந்தது. கோட்டையும் பேராலயமும் இல்லாத கிராமத்தின் தபால் நிலையம், குளம், மூலைக்கடை எல்லாம் கண்ணாடித் தகட்டில் ஏறின. இன்று ஃபிரித் தொகுப்பில் ஏறத்தாழ 7,000 ஊர்களின் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன.

இந்தப் புதையல் மயிரிழையில் தப்பியது. 1970களின் தொடக்கத்தில் நிறுவனம் மூடப்பட்டது. பில் ஜே என்ற புகைப்பட வரலாற்றாளர் தலையிட்டதால் ரோத்மன்ஸ் சிகரெட் நிறுவனம் தொகுப்பை வாங்கிக் காப்பாற்றியது. பிறகு 1977இல் அது தனியார் கைக்கு மாறி இன்றுவரை நடந்துவருகிறது.

படத்தில் வராத தெருக்கள்

விற்பதற்காக எடுத்த படம் விற்கும் இடத்தைத்தான் காட்டும். வெயிலடிக்கும் நாள், பூத்த மரம், துடைத்து வைத்த தெரு. தொழிற்சாலை ஓரத்துக் குடிசையை அட்டையில் போட்டு யாரும் அத்தைக்கு அனுப்பமாட்டார்கள்.

அந்தக் குறையை வேறு சிலர் ஓரளவு தீர்த்தார்கள். கிளாஸ்கோவில் நெரிசலான பழைய சந்துகளை இடிக்க 1866இல் சட்டம் வந்தது. இடிப்பதற்கு முன் அவற்றைப் படமெடுக்கும் வேலை தாமஸ் அன்னனுக்குக் கிடைத்தது. 1868 முதல் 1871 வரை அவர் எடுத்த படங்களில் இருண்ட சந்துகளும், குறுக்கே கயிற்றில் தொங்கும் துணிகளும், வாசலில் நிற்கும் ஏழைகளும் தெரிகிறார்கள். வெளிச்சம் குறைவு என்பதால் கேமராவை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டியிருந்தது. அசைந்தவர்கள் படத்தில் புகைபோலக் கலைந்து நிற்கிறார்கள்.

லண்டனில் செயின்ட் பால் பேராலயத்தின் அருகே ஆக்ஸ்ஃபர்டு ஆர்ம்ஸ் என்ற பழைய வண்டிச் சத்திரம் இடிபடவிருந்தது. அதைப் படத்திலாவது வைத்துக்கொள்வோம் என்று 1875இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1886 வரை 120 படங்களை அந்தச் சங்கம் வெளியிட்டது. பிறகு பர்மிங்காமின் நாடாளுமன்ற உறுப்பினர் பெஞ்சமின் ஸ்டோன் 1897இல் தேசியப் புகைப்படப் பதிவுச் சங்கம் தொடங்கினார். கட்டடங்களோடு ஊர்த் திருவிழாக்களையும் சடங்குகளையும் அவர் பதிவு செய்தார்.

திரும்பி வர முடியாத ஊர்கள்

ஒரு படம் எவ்வளவு கனமானது என்பது ஊரே இல்லாமல் போகும்போது தெரியும்.

டார்செட்டில் கடலோரக் கிராமம் டைன்ஹாம். இரண்டாம் உலகப் போரின்போது, 1943 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் முன், ராணுவப் பயிற்சிக்காக ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். இருநூறுக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். ஒருநாள் நாங்கள் திரும்பி வருவோம், அதுவரை வீடுகளையும் தேவாலயத்தையும் கவனமாக வைத்திருங்கள் என்று ராணுவத்தினருக்கு ஒரு சீட்டு எழுதித் தேவாலயக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். போர் முடிந்தும் அவர்கள் திரும்ப முடியவில்லை. 1948இல் அரசு நிலத்தைக் கட்டாயமாக எடுத்துக்கொண்டது. இன்றும் அது பயிற்சிக் களம்தான். அனுமதி உள்ள நாட்களில் போகிறவர்கள் கூரையில்லாச் சுவர்களையும், பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கும் பழைய படங்களையும் பார்த்துவிட்டு வரலாம்.

வேல்ஸில் கேப்பல் கெலின் கதை இன்னும் கசப்பானது. லிவர்பூல் நகரத்தின் தண்ணீர்த் தேவைக்காக அந்தப் பள்ளத்தாக்கில் அணை கட்ட 1957இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. வேல்ஸின் 36 உறுப்பினர்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. ஆனாலும் சட்டம் நிறைவேறியது. வெல்ஷ் மொழி பேசும் அந்தக் கிராமத்தின் பள்ளி, தபால் நிலையம், தொழுகைக் கூடம், வீடுகள், பண்ணைகள் எல்லாம் 1965இல் நீருக்குள் போயின. 48 பேர் வீடிழந்தார்கள்.

நல்ல வேளையாக ஜெஃப் சார்ல்ஸ் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் அங்கே இருந்தார். 1956இல் ஊர்மக்கள் லிவர்பூல் தெருக்களில் பதாகை ஏந்தி நடந்ததையும், ஊரின் கடைசி ஆண்டுகளையும் அவர் எடுத்து வைத்தார். அவை இப்போது வேல்ஸ் தேசிய நூலகத்தில் உள்ளன. 2005இல் லிவர்பூல் நகரசபை மன்னிப்புக் கேட்டது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது பழைய சுவர்களின் அடித்தளம் வெளியே தெரியும். அது எந்த வீடு, யார் இருந்தார்கள் என்று சொல்ல, அந்தப் படங்களும் உயிரோடிருக்கும் சில முதியவர்களும்தான் துணை.

நினைவும் ஓர் ஆவணம்

ஜார்ஜ் எவார்ட் எவன்ஸ் என்ற எழுத்தாளர் 1948இல் சஃபோக்கின் பிளாக்ஸ்ஹால் கிராமத்தில் குடியேறினார். அக்கம்பக்கத்து முதியவர்களிடம் பேச்சுக் கொடுத்தபோது, குதிரையும் அரிவாளுமாக நடந்த விவசாயம் அவர்களோடு முடியப்போகிறது என்று புரிந்துகொண்டார். அவர்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டு 1956இல் புத்தகமாக வெளியிட்டார். ரொட்டி சுட்டது, ஆடு மேய்த்தது, அறுவடைக் கூலி பேசியது எல்லாம் அதில் உண்டு. பிரிட்டனில் வாய்மொழி வரலாறு ஒரு துறையாக வளர்ந்ததில் அவருக்குப் பெரிய பங்குண்டு.

அரசுப் பதிவேடு இருக்கும்போது கிழவர் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். பிரிட்டனில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களை நூறாண்டு கழித்தே திறக்கிறார்கள். 1921ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022இல்தான் வெளிவந்தன. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 1931 படிவங்கள் 1942இல் தீயில் எரிந்துபோயின. 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 1939இல் அடையாள அட்டைக்காக எடுத்த பதிவேடு ஒன்றைத் தவிர, 1951 வரை பெரிய வெற்றிடம். அந்தக் காலத்தில் ஒரு தெருவில் யார் யார் இருந்தார்கள் என்பதற்கு, அஞ்சலட்டையும் அதைப் பார்த்து “இது எங்கள் தாத்தா கடை” என்று சொல்லும் ஒருவரும் பெரிய சான்று.

நினைவு பிசகும் என்பது உண்மைதான். வருடம் மாறும்; இரண்டு சம்பவம் ஒன்றாகும். அதனால் அங்குள்ள ஊர் வரலாற்றுச் சங்கத்தினர் இரண்டையும் ஒத்துப் பார்க்கிறார்கள். அட்டையின் பின்பக்கம் இரண்டாகப் பிரிந்திருந்தால் அது 1902க்குப் பிந்தியது. தபால் முத்திரையின் தேதிக்கு முன் எடுத்த படம் என்பது உறுதி. ஆனால் பல வருடம் முன்பே எடுத்ததாகவும் இருக்கலாம், ஏனெனில் ஒரே படம் ஆண்டுக்கணக்கில் விற்றது. தெருவிளக்கு, மின்கம்பம், கடைப் பலகை, பெண்களின் பாவாடை நீளம் எல்லாம் காலத்தைச் சொல்லும். ஆனால் வாசலில் நிற்கும் சிறுவனின் பெயரை இவை எதுவும் சொல்லாது.

வட்டில் சிக்கிக்கொண்ட நாடு

கடைசியாக ஓர் எச்சரிக்கை. வில்லியம் மன்னர் 1086இல் தொகுத்த நிலக் கணக்கேடு டூம்ஸ்டே புத்தகம். அதன் 900ஆம் ஆண்டை ஒட்டி, 1986இல் பிபிசி ஒரு புதிய டூம்ஸ்டே திட்டம் நடத்தியது. நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றி எழுதிப் படமும் அனுப்பினார்கள். பத்து லட்சம் பேருக்கு மேல் பங்கேற்றார்கள். எல்லாம் லேசர் வட்டுகளில் ஏறின. பதினைந்து ஆண்டில் அந்த வட்டைப் படிக்கும் இயந்திரமே அரிதாகிவிட்டது. வல்லுநர்கள் பெரும்பாடுபட்டு மீட்டு, 2011இல்தான் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்தார்கள். தோலில் எழுதிய 1086ஆம் ஆண்டுப் புத்தகத்தை மட்டும் இன்றும் கையில் எடுத்துப் படிக்க முடிகிறது.

நம் பங்குக்கு

நம் வளாகம் எழும்புவதற்கு முன் இந்த இடத்தில் என்ன இருந்தது என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? சொல்லக்கூடியவர்கள் இன்னும் இங்கேயே, மாலையில் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். செய்ய வேண்டியது அதிகமில்லை. பழைய ஆல்பத்தை எடுங்கள். வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் மென்மையான பென்சிலால் யார், எந்த ஊர், ஏறத்தாழ எந்த வருடம் என்று எழுதுங்கள். போனில் மட்டும் இருக்கும் படங்களில் முக்கியமானவற்றை ஒரு பிரதி அச்சிட்டு வையுங்கள்.

இந்தப் பகுதியின் பழைய தெரு, குளம், கடை, வயல் தெரியும் படம் உங்களிடம் இருந்தால், நாலு வரி குறிப்போடு சங்க அலுவலகத்தில் கொடுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பித் தந்துவிடலாம். படத்தில் உள்ளவர்களின் பெயர் தெரிந்த ஒருவர் நம்மிடையே இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது.