ஹெமெத்: ஒரு பெண்பாற் சொல்லின் வரலாறு

1829இல், நைல் ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள தெய்ர் எல்-பஹ்ரி கோயிலில், பழைய எகிப்திய எழுத்தைப் படித்தறிந்த பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் திகைத்து நின்றார். சுவரில் இருந்தது தாடி வைத்த அரசரின் உருவம். பக்கத்து எழுத்தோ அந்த அரசரைப் பெண்பாலில் பேசியது. பெயர்ச்சொல்லிலும் வினையிலும் பெண்பால் விகுதி. அது ஹட்செப்சுத் என்ற பெண்ணரசரின் கோயில் என்பது பின்னாளில்தான் தெளிவாயிற்று. ஆண்கோலத்துக்குள் இருந்தவளை அடையாளம் காட்டியது இலக்கணம்.

அந்த விகுதியின் எழுத்து சின்ன அரைவட்டம். அது ஒரு ரொட்டியின் படம். ஒலி 'த்'. 'ஸா' மகன், 'ஸாத்' மகள். 'ஸென்' சகோதரன், 'ஸெனெத்' சகோதரி.

பெண்ணுக்கும் மனைவிக்கும் வழங்கிய சொல் 'ஹெமெத்'. நீர் நிறைந்த கிணற்றின் குறி 'ஹ்ம்' என ஒலிக்கும், அடுத்து ரொட்டி, கடைசியில் நீண்ட கூந்தலோடு அமர்ந்த பெண். அவளுக்கு ஒலியே கிடையாது. முன்னால் உள்ள சொல் பெண்ணைப் பற்றியது என்று காட்டுவதே அவள் வேலை. உயிரொலிகளை எகிப்தியர் எழுதவில்லை. இடையில் வரும் 'எ' ஆய்வாளர்கள் வாசிப்பதற்காகச் சேர்த்துக்கொண்டது.

கிணற்றைப் பார்த்ததும் கருப்பை என்று பொருள் சொல்ல ஆசை வரும். எனக்கு அதில் தயக்கம் உண்டு. மகளைக் குறிக்கும் சொல்லில் வாத்து நிற்கிறது. ஒலிக்காக மட்டுமே நிற்கிறது. படத்தின் பொருளைத் தேட வேண்டிய இடங்கள் வேறு. 'மெஸ்', அதாவது ஈன்றெடுத்தல் என்ற வினைக்குப் பின்னால், மண்டியிட்ட பெண்ணின் அடியில் குழந்தையின் தலையும் கைகளும் வெளிவருகின்றன. 'மக்கள்' என்ற சொல்லின் முடிவில் ஆணும் பெண்ணும் அருகருகே அமர்ந்திருக்க, பன்மைக்கு மூன்று கோடுகள். இவற்றில்தான் எகிப்திய எழுத்தர் பெண்ணைப் பார்த்த விதம் தெரிகிறது.

பேச்சில் ஈற்றுத் 'த்' வெகு காலத்துக்கு முன்பே தேய்ந்துவிட்டது. எழுத்தர்கள் மட்டும் அதை விடாமல் எழுதி வந்தார்கள். கிரேக்க எழுத்தைத் தழுவிய பிற்கால எகிப்திய மொழியான காப்டிக்கில் 'ஹெமெத்' 'ஹிமெ' ஆயிற்று. பெண்ணைக் குறித்த வேறொரு சொல்லோடு கூடி 'ஸ்ஹிமெ' என்றும் வழங்கியது. ஈற்றில் 'த்' இல்லை. ஆனால் பழைய பெண்பாற் சுட்டிலிருந்து வந்த இன்னொரு 'த்' சொல்லுக்கு முன்னால் வந்து அமர்ந்தது: 'தெஸ்ஹிமெ', அந்தப் பெண். காப்டிக் திருச்சபை வழிபாட்டில் நிலைத்துவிட்ட வட எகிப்திய வழக்கில் அச்சொல் 'ஸ்ஹிமி'.