கொடையும் விற்பனையும்: வீட்டு மது கண்ட சட்டங்கள்

தில்லியில் நாம் வாழும் அரசுக் குடியிருப்பில் ஒரு வழக்கம் உண்டு. டிசம்பர்த் திங்களின் இறுதியில் பக்கத்து வீட்டுக் கேரளக் கிறித்தவ அம்மையார் தட்டு நிறையப் பலகாரமும், பழைய பழரசப் புட்டியொன்றில் தம் கையால் செய்த திராட்சை மதுவும் கொண்டுவந்து தருவார். பொங்கலன்று நம் வீட்டுச் சர்க்கரைப் பொங்கல் அங்கே செல்லும். கோப்புகளோடும் விதிகளோடும் பொழுது போக்கும் நமக்கு ஓராண்டு ஓர் ஐயம் எழுந்தது. விலையின்றிக் கைமாறும் அந்தப் புட்டியைச் சட்டம் எவ்வாறு நோக்கும்?

'ஆப்காரி' என்பது பாரசீகச் சொல். 'ஆப்' என்பது நீரையும், 'கார்' என்பது தொழிலையும் குறிக்கும். ஆங்கிலேயர் காலத்தில் அது மதுவின்மேல் அரசு கொண்ட உரிமைக்கும் வரிக்கும் பெயராயிற்று. பம்பாய் மாகாணத்தில் 1878-லும், சென்னை மாகாணத்தில் 1886-லும் ஆப்காரிச் சட்டங்கள் தோன்றின. கொச்சி சமஸ்தானம் கொல்லம் ஆண்டு 1077-ல், அதாவது 1902-ஐ ஒட்டி, தனக்கொரு சட்டம் செய்துகொண்டது. இவற்றின் முதல் நோக்கம் குடியை ஒழிப்பதன்று, கருவூலத்தை நிரப்புவதே. வரி செலுத்தாத பானை எதுவாயினும் அது அரசுக்குப் பகைப்பானை.

இந்நோக்கம் எவ்வளவு தூரம் சென்றது என்பதற்குப் பம்பாய் மாகாணத்தின் 1892-ஆம் ஆண்டு மௌவாச் சட்டம் ஒன்றே சான்று. மௌவா என்பது வடபுலத்து இலுப்பை. அதன் பூவின் இனிமையைத் தமிழர்க்கு விளக்க வேண்டியதில்லை; ஆலையில்லா ஊரைப் பற்றிய நம் பழமொழியே சொல்லும். தாணா, கொலாபா மாவட்டங்களில் அப்பூவைச் சேர்த்து வைப்பதையே அச்சட்டம் கட்டுப்படுத்தியது. காட்டு மக்களுக்கு அப்பூ மதுவுக்கு மட்டுமன்றி உணவுக்கும் உரியது என்பதை நினைக்கும்போதுதான் அதன் கடுமை விளங்கும். மதுவைத் தடுக்கச் சென்ற கை சோற்றிலும் விழுந்தது.

எல்லா இடத்திலும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. சோட்டா நாகபுரிப் பகுதியின் சந்தாலரும் முண்டாக்களும் அரிசியைப் புளிக்க வைத்து ஆக்கும் அண்டியா, அவர்தம் வழிபாட்டிலும் திருமணத்திலும் இடம்பெறுவது. வீட்டுத் தேவைக்கு அதனை ஆக்கிக்கொள்ள அப்பகுதி விதிகள் இடம் கொடுத்தன. விற்பதற்குத்தான் உரிமம் வேண்டும்.

இனி நம் ஐயத்துக்கு வருவோம். கேரளத்துச் சட்டத்திலும், 1909-ஆம் ஆண்டு வங்காளச் சட்டத்திலும், 1914-ஆம் ஆண்டுப் பஞ்சாப் சட்டத்திலும் 'விற்பனை' என்னும் சொல்லுக்கு ஏறக்குறைய ஒரே விளக்கம் காணப்படுகிறது. கொடையாகத் தருவது நீங்கலான எவ்வகைக் கைமாற்றமும் விற்பனையில் அடங்கும் என்பது அது. பஞ்சாப் சட்டமே தில்லியிலும் நெடுங்காலம் வழங்கியது. 2009-ல்தான் தில்லிக்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. இதைப் படித்த அன்று நாம் மகிழ்ந்தோம். அம்மையார் விற்கவில்லை, கொடுத்தார். ஆனால் அலுவலகத்தில் பழகிய கண் அடுத்த பிரிவுக்கும் செல்லுமன்றோ! உரிமமின்றி மதுவைச் செய்வதே ஒரு குற்றம். முறையின்றிச் செய்தது என அறிந்தே அதை வைத்திருப்பது மற்றொரு குற்றம். கொடுத்ததற்காக அல்ல, செய்ததற்காக அவர் பிடிபடுவார். பெற்றுக்கொண்ட நாமும் தப்போம்.

கேரளத்தில் இதன் கடுமை பெருகியதற்குத் தனிக் காரணம் உண்டு. 1982-ல் வைப்பின் தீவில் நச்சுச் சாராயம் பல உயிர்களைக் குடித்தது. 1996-ல் சாராயம் தடை செய்யப்பட்டது. மறுஆண்டுத் திருத்தம், உரிமமின்றி மது செய்வோர்க்குப் பத்தாண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத தண்டமும் விதித்தது. கள்ளச்சாராயக்காரனை எண்ணி எழுதிய விதி அது. திராட்சையும் சர்க்கரையும் ஈஸ்டும் கோதுமையும் கிராம்பும் இட்டு மூடிவைத்த ஜாடியில் வாலையில் வடிப்பது என்னும் செயலே இல்லை. ஆயினும் விதியின் சொற்கள் அந்த ஜாடியையும் விடவில்லை. 2019 டிசம்பரில் கேரள ஆயத்தீர்வைத் துறை, வீட்டில் திராட்சை மது செய்வதும் பிணையில் விட இயலாத குற்றமே என எச்சரித்தது. 2022-ல் அம்மாநிலம் உள்ளூர் விளைபொருள்களிலிருந்து பழமது செய்யும் சிற்றாலைகளுக்கு விதிகள் வகுத்தது. உரிமம் பெற்றுத் தொழில் நடத்துவோர்க்கானவை அவை.

2019-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமசுக்கு அம்மையார் கொண்டுவந்த தட்டில் பலகாரம் மட்டுமே இருந்தது. ஊரிலிருந்து அவர் தமையனார் செய்தியைப் படித்துத் தொலைபேசியில் எச்சரித்தாராம். "அந்த அறிவிப்பு கேரளத்துக்கு மட்டுந்தானே, இங்கே ஒன்றுமில்லையே?" என்று நம்மைக் கேட்டார். இங்குள்ள சட்டமும் உரிமமில்லாத ஜாடியை ஏற்பதில்லை என்று சொல்ல நமக்கு நாவெழவில்லை.